என் படத்துக்கு ஒரு மாலை

என் வீட்டுக்காரர் குணாளனுக்குக் கொலைகாரன் வேஷம் கிடைத்திருக்கிறது என்று கேட்டதும் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஜெலுத்தோங் பாசாரில் மீன்காரர் எடையில் ஏமாற்றுவது கண்ணெதிரே தெரிந்தாலும் "பரவால்லண்ணே" என்று வாங்கிக்கொண்டு வருகிற மனுஷர் இவர். எங்கள் ஃபிளாட் படிக்கட்டில் பூனை படுத்திருந்தால், அதை எழுப்ப மனசு வராமல் தாண்டிப் போவார். இவர் ஏழு பெண்களைக் கொன்றவராம். யாருக்குத்தான் சிரிப்பு வராது?

பத்து காவான் என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறார். நடிப்பு என்பது அவருக்கு லீவு நாள் பைத்தியம். தமிழ்த் தொலைக்காட்சி நாடகங்களில் பெண்ணுக்கு அப்பாவாக, கோயில் ஐயராக, கதவைத் தட்டுகிற போலீஸ்காரராக அரை நிமிஷம் வந்து போவார். இரண்டு தடவை பிணமாகவும் கிடந்திருக்கிறார். மூக்கில் கொசு கடித்தும் அசையவில்லை என்பதை விருந்தாளிகளிடம் இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார். பேசுவதற்கு வசனம் உள்ள வேஷம் இதுதான் முதல் தடவை.

நாடகத்தின் பெயர் 'எதிர் நாற்காலி'. இரண்டு புலனாய்வு அதிகாரிகள் சிறைக்குப் போய், வரிசையாகக் கொலைகள் செய்தவர்களை எதிரே உட்கார வைத்துப் பேட்டி எடுப்பார்கள். வெட்டு, குத்து, ரத்தம் எதுவும் கிடையாது. ஏன் செய்தாய், முதல் தடவை என்ன தோன்றியது, இரவில் தூக்கம் வந்ததா என்று பேச்சுத்தான். ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டாலே கை சில்லிட்டுப் போகும். டைரக்டர் காமினி சின்னப் பெண்தான். இவரைப் பார்த்த உடனே தேர்ந்தெடுத்துவிட்டாளாம்.

"அண்ணே, பாத்தாலே பயமா இருக்கிற மூஞ்சி எனக்கு வேணாம். வேன்ல ஏறச் சொன்னா நானே யோசிக்காம ஏறிடுவேன்லா, அந்த மாதிரி மூஞ்சிதான் வேணும்" என்று சொன்னாளாம். இவர் அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் ஒத்திகைக்கு நான்தான் அதிகாரி. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது கரண்டியும் கையுமாக நின்று, "ஏன் கொன்ன? சொல்லு!" என்று மிரட்டுவேன். இவர் பூண்டு உரித்தபடி பதில் சொல்வார். பாதியில், "ருக்கு, குழம்புல உப்பு பாத்தியா?" என்பார். இந்த லட்சணத்தில் கொலைகாரன் எங்கே தேறப் போகிறான் என்று கேலி செய்வேன்.

அந்தச் சமயத்தில்தான் குளிக்கும்போது என் இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. வேர்க்கடலை அளவுதான் இருக்கும். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டுக் கொஞ்சம் சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள்.

அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் வீட்டு வேலை அத்தனையையும் பிடுங்கிக்கொண்டார். என் நைட்டியைக்கூட இஸ்திரி போட்டார். நைட்டிக்கு யாராவது இஸ்திரி போடுவார்களா? காலையில் நான் எழுந்திருக்கும் முன்னே கோப்பியோடு கட்டில் பக்கத்தில் நிற்பார். கட்டியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேச மாட்டார். பயத்தை வாயால் சொல்லத் தெரியாத ஆள். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது, பாவமாகவும் இருந்தது.

"நான் வேற ஆளப் போட்டுக்கச் சொல்லிடுறேன் ருக்கு" என்றார் ஒரு நாள். "இப்ப எனக்கு நடிக்கிற மூட் இல்ல."

"ரிசல்ட் வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா? இத்தன வருஷமா பொணமா கெடந்ததுக்கு இப்பதான் வாயத் தொறக்க விட்டிருக்காங்க. போய் நடிங்க" என்று விரட்டிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து, அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கிறிஸ்டல் வந்தாள். அந்த நாடகத்தில் காட்சிகளுக்கு வேண்டிய பொருள்களுக்குப் பொறுப்பு அவள்தான். கொலைகாரன் கைதாகும் காட்சியில் போட இவருடைய பழைய சட்டை ஒன்று வேண்டும் என்று வந்தவள், கோப்பி குடித்தபடி தன் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். செத்துப்போன பெண் ஒருத்தியின் படம் வேண்டுமாம். சட்டம் போட்டு, பொட்டு வைத்து, மாலை போட்ட படம். இணையத்திலிருந்து எடுத்தால் நாளைக்கு யாராவது வழக்குப் போடுவார்கள். தெரிந்தவர்களிடம் கேட்டால் ஒருவரும் கொடுப்பதாக இல்லை.

"எங்கம்மாவ கேட்டேன்க்கா. உயிரோட இருக்கிறவளுக்கு மாலை போடுவியாடின்னு செருப்பத் தூக்கிட்டாங்க. சர்ச்சுக்குப் போறவங்கதான், ஆனா இதுல மட்டும் எல்லாரும் ஒன்னுதான். நாளன்னைக்கு ஷூட்டிங். எனக்கு அழுகையே வருது."

"எந்தப் பொண்ணு செத்துப் போறா? வயசு என்ன?"

"நாப்பது, நாப்பத்தஞ்சு. தனியா இருக்கிற டீச்சர். வேன்ல ஏறிப் போவாங்க."

நான் எழுந்து அலமாரியைத் திறந்து என் படம் ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தேன். சில வருஷங்களுக்கு முன் பாடாங் கோத்தா கடற்கரைச் சுவர் ஓரத்தில் எடுத்தது. பச்சைப் புடவை காற்றில் பறக்க, நான் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பேன். அலைபேசியைப் பின்பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு தன் மூக்கையே படம் எடுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அது. அப்புறம் சரியாகத் திருப்பி இதை எடுத்தார்.

கிறிஸ்டல் படத்தைத் தொடவே பயந்தாள். "அக்கா, மாலை போடுவோம்லா. பொட்டு வைப்போம். உங்களுக்கு ஓகேவா?"

"போடு. லிட்டில் இந்தியாவுல நல்ல சம்பங்கி மாலையா வாங்கிப் போடு. பிளாஸ்டிக் மாலை போட்ட, நெஜமாவே ஒரு கொலை விழும்."

"அண்ணன் ஒன்னும் சொல்ல மாட்டாரா?"

"அண்ணன நான் பாத்துக்கிறேன்" என்றேன். என் மனசில் ஒரு கணக்கு இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

படப்பிடிப்பு ஜெலுத்தோங்கில் ஒரு பழைய கிடங்கில். உள்ளே சாம்பல் நிறச் சுவர் எழுப்பி, ஒரு மேசை, மூன்று நாற்காலி போட்டு, சிறையின் பேட்டி அறையாக மாற்றியிருந்தார்கள். நான் சோறும் ரசமும் கட்டிக்கொண்டு போனேன். காமினி என்னைத் தன் பக்கத்தில், கேமரா பார்ப்பதைக் காட்டும் திரைக்கு முன்னால் உட்கார வைத்தாள்.

கைதி உடுப்பில், கையில் விலங்கோடு என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். எதிரே அதிகாரிகளில் ஒருவராக நடிக்கும் பேட்ரிக். காட்சி இதுதான்: கொலைகாரன் ஆறு கொலைகளை ஒத்துக்கொண்டு, ஏழாவதை மட்டும் மறுக்கிறான். அதிகாரி அந்த ஏழாவது பெண்ணின் பிறந்த வீட்டுக்குப் போய், மாலை போட்ட படத்தையே கொண்டுவந்து அவன் எதிரே மேசையில் நிறுத்துகிறார். அவன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எப்படிக் கொன்றான் என்று சொல்ல வேண்டும். ஒத்திகையில் வெறும் சட்டத்தைத்தான் வைத்திருந்தார்களாம்.

"ஆக்‌ஷன்" என்றாள் காமினி.

பேட்ரிக் துணிப்பையிலிருந்து படத்தை எடுத்து மேசையில் நிமிர்த்தி வைத்தான். "இவங்க யாருன்னு தெரியுதா?"

என் வீட்டுக்காரர் படத்தைப் பார்த்தார். நாற்காலி சாய்ந்து விழ எழுந்தார். விலங்கு மாட்டிய கையாலேயே மாலையைப் பிடித்து இழுத்தார். நார் அறுந்து பூ மேசை முழுவதும் சிதறியது.

"இத யார் வச்சது? யார்டா வச்சது இத?"

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை. கிறிஸ்டல் ஓடிவந்து, "சாரிண்ணே, சாரிண்ணே" என்று அழுதாள். அவளிடமும் அவர் கத்தினார். "உயிரோட இருக்கிற பொம்பளைக்கு மாலை போடுவீங்களா? உங்க வீட்ல யாருக்காச்சும் போட்டுப் பாக்கிறதுதான?" பேட்ரிக் நடிப்பா நிஜமா என்று தெரியாமல் விழித்தான்.

நான் எழுந்து போய் அவருக்கும் கிறிஸ்டலுக்கும் நடுவில் நின்றேன். "அந்தப் பிள்ளையத் திட்டாதீங்க. படத்தக் குடுத்தது நான்தான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. கையைப் பிடித்துக் கிடங்கின் பின்பக்கம் கூட்டிப் போனேன். அங்கே ஒரு மோட்டார் பட்டறையின் சுவர், பழைய டயர்கள், கால்வாய். அவர் டயர் மேல் உட்கார்ந்தார். விலங்கைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை.

"உனக்கு அறிவு இருக்கா ருக்கு? அடுத்த வாரம் ரிசல்ட். இப்பப் போய்..."

"ரிசல்ட் வர்றதாலதான் குடுத்தேன்."

"என்னது?"

"நம்ம கல்யாணத்துக்கு முன்னால சுங்கை பாக்காப்புல உங்க வீட்டுக் கொல்லையில என்ன நடந்துச்சுன்னு மறந்துட்டீங்களா? உங்க ஜாதகத்துல முதல் தாரம் தங்காதுன்னு இருந்துச்சு. வாழமரத்துக்குப் பொடவ சுத்தி, உங்களத் தாலி கட்டச் சொன்னாங்க. கட்டினீங்க. அப்புறம் அத வெட்டிப் போட்டாங்க. முதல் தாரம் செத்துட்டா, தோஷம் கழிஞ்சுதுன்னுட்டு எனக்குத் தாலி கட்டினீங்க."

"அதெல்லாம் கெழவங்க பண்ண கூத்து. நான் அன்னைக்கே நம்பல."

"நீங்க நம்பல, நான் நம்பினேன். அந்த மரம் எனக்காகச் செத்துச்சுன்னு இன்னைக்கும் நம்புறேன். யாராச்சும் செத்துட்டாங்கன்னு பொய்யா சேதி வந்தா ஆயுசு கூடும்னு சொல்லுவாங்கள்ல? எனக்கு ஒரு சாவு எழுதியிருந்தா அது இங்கயே, இந்த மேசையிலயே முடிஞ்சு போகட்டும். ஊரே டிவியில பாக்கட்டும். ருக்குமணி செத்துட்டா, மாலை போட்டாச்சு, கணக்கு முடிஞ்சுது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் பக்கத்து டயரில் உட்கார்ந்தேன். எனக்கும் அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். எனக்குச் சாகப் பயமாக இருந்தது. இவரை விட்டுவிட்டுப் போகப் பயமாக இருந்தது. இஸ்திரி போட்ட நைட்டியைப் போட்டுக்கொண்டு படுக்கும்போதெல்லாம் அந்தப் பயம்தான். அதை அவரிடம் அப்படியே சொன்னேன்.

அவர் கையிலிருந்த விலங்கைப் பார்த்தபடி கேட்டார். "உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நான் எப்படி அந்த வசனத்தச் சொல்றது?"

"அத நீங்கதான் செய்யணும். அரைகுறையா செஞ்சா அது கணக்குல வராது. நீங்க நல்லா கொன்னாத்தான் எனக்கு ஆயுசு."

"பைத்தியமாடி உனக்கு" என்றார். ஆனால் எழுந்துவிட்டார்.

உள்ளே போனதும் முதல் வேலையாகக் கிறிஸ்டலிடம் போய்க் கையைக் கூப்பினார். "மன்னிச்சிரும்மா. அண்ணன் வேற டென்ஷன்ல கத்திட்டேன்." அந்தப் பெண் அதற்கும் அழுதாள். மாலையைத் திரும்பக் கட்ட அவளுக்கு வரவில்லை. நான் வாங்கி, அறுந்த நாரை முடிச்சுப் போட்டு, உதிர்ந்த பூவை மறுபடி தொடுத்து, என் படத்துக்கு நானே மாலை போட்டேன். கண்ணாடிமேல் கலைந்து போயிருந்த குங்குமத்தைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பொட்டும் வைத்தேன். சிரித்துக்கொண்டிருந்த அந்தப் பொம்பளையைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

காமினி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்கா, இந்தப் படம் வேணாம். வேற ஏதாச்சும் பண்ணிக்கலாம்."

"வேணாம்மா. இதுவே இருக்கட்டும்" என்றது நான் இல்லை, அவர்.

மறுபடி ஆரம்பித்தார்கள். பேட்ரிக் படத்தை வைத்தான். "இவங்க யாருன்னு தெரியுதா?"

"தெரியும்."

"பேரு?"

"பேரு கேக்கல."

"ஏன் இவங்க?"

என் வீட்டுக்காரர் படத்தை நெருக்கமாக இழுத்து வைத்துக்கொண்டார். சிரித்தார். வீட்டில் எத்தனையோ தடவை நான் பார்த்த அதே சிரிப்புத்தான். ஆனால் அதற்குள் ஆள் இல்லை. "மழ பேஞ்சுது. பஸ் வரல. கதவத் தொறந்து விட்டேன். தேங்க்ஸ்னு சொல்லிச் சிரிச்சாங்க. நல்ல சிரிப்பு. அத நானே வச்சுக்கணும்னு தோணுச்சு." அப்புறம் எப்படி என்று சொன்னார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஸ்டோரில் எந்தப் பெட்டி எந்த அடுக்கில் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

எத்தனையோ வருஷம் ஒரே கட்டிலில் படுத்த மனுஷர், என்னைப் பார்த்து இப்படிப் பேச முடிகிறதே என்று பயந்தேன். அதே சமயம், இந்த மனுஷர் எனக்காக எந்த எல்லைக்கும் போவார் என்றும் தெரிந்தது. இரண்டையும் சேர்த்துத் தாங்க முடியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

"கட்" என்றாள் காமினி. பேட்ரிக் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். "அலாமாக், அண்ணே" என்று வாயைப் பிளந்தான்.

"சூப்பர்ண்ணே. சேஃப்டிக்கு இன்னொரு டேக் போயிடலாமா?" என்று கேட்டாள் காமினி.

"முடியாது" என்றார் அவர். "இன்னொரு தடவ என்னால முடியாதும்மா." படத்தின் மாலையைக் கழற்றினார். சட்டைக் கையால் பொட்டைத் துடைத்தார். பிறகு என்னிடம் வந்து, எல்லார் எதிரிலும், என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். எங்கள் கல்யாணத்தில் தாலி கட்டியதோடு சரி, அதற்கப்புறம் அவர் நாலு பேர் முன்னால் என்னைத் தொட்டதில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் ஐனா இளவயசுப் பெண். மலாய் மொழியில், நிதானமாக, என் கண்ணைப் பார்த்துச் சொன்னார். புற்றுநோய்தான். ஆனால் ஆரம்பக் கட்டம், கட்டி சின்னது. ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம், அதற்குப் பிறகு மருந்து. இந்தக் கட்டத்தில் வருகிறவர்களில் நிறையப் பேர் நன்றாக இருக்கிறார்கள் என்றார். நான் தலையாட்டினேன். என்ன சாப்பிடலாம், முடி கொட்டுமா என்றெல்லாம் கேட்டேன்.

ஆபரேஷனுக்கு நாள் குறிக்க வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். நான் பாத்ரூம் போய் முகம் கழுவினேன். கண்ணாடியில் என்னையே கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டேன். அழுது முடித்துவிட்டுத் திரும்பி வந்தபோது, நாற்காலி வரிசையின் கடைசியில் அவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் மகனிடம் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"இல்ல காமினி, நீ சொல்றது புரியுதும்மா. செட்டப் பிரிச்சிருப்பீங்க. செலவு நான் குடுத்துடுறேன். ஒரே ஒரு தடவ எடுத்தா போதும்." சுவரில் உரிந்த பெயிண்டைச் சுரண்டினார். "நீ அன்னைக்கே இன்னொரு டேக் கேட்ட. நான்தான் முடியாதுன்னுட்டேன். அவள நான் சரியா கொல்லலம்மா. கடைசியில கை நடுங்கிடுச்சு. யாரும் கவனிக்கல, எனக்குத் தெரியும்."

நான் அவர் கையிலிருந்து போனை வாங்கினேன். "காமினி, ஒன்னுமில்லம்மா. அக்கா அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டேன். அவர் பிடிபட்ட மாதிரி என்னை நிமிர்ந்து பார்த்தார். வாழைமரத்தை நம்பாத மனுஷர். கிழவர்கள் செய்த கூத்து என்று சொன்ன மனுஷர்.

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நீங்க நல்லாத்தான் கொன்னீங்க. என்னக் கொல்ல வந்தது பெருசா வந்திருக்கும். நீங்க செஞ்சதாலதான் இவ்ளோ சின்னதா நிக்குது. டாக்டர் என்ன சொன்னாங்க? ஆரம்பக் கட்டம்னு சொன்னாங்களா இல்லையா?"

"சொன்னாங்க."

"அப்புறம் என்ன?"

அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். சின்னப் பிள்ளை கேட்பதுபோல் கேட்டார்.

"அப்ப நீ பொழச்சுக்குவ இல்ல?"

எனக்கு என்ன தெரியும்? என் கணக்கு தப்பா சரியா என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு என்ன சொல்ல முடியும்?

"பொழச்சுக்குவேன்" என்றேன். "நீங்க கொன்ன பெறகு இனி யாரு வந்து என்னக் கொல்றது?"